ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நீச்சல் வகுப்பு: எப்போது சேர்ப்பது, எதைக் கேட்பது, எப்படிப் பழக்குவது

குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும் நீச்சல் வகுப்பில் சேர்க்கலாமா என்று விசாரிக்க ஆரம்பித்தேன். ஒரு குளத்தில், ஆறு மாதத்திலேயே வந்திருக்கலாமே என்றார்கள். இன்னொன்றில், நான்கு வயது ஆகட்டும், அப்புறம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். படிவம், மருத்துவச் சான்று, திரும்பி வராத முன்பணம், குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாத குளிர்ந்த தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வெகுநாள் ஆனது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் வகுப்புக்குப் போவது அழகாக நீந்தக் கற்பதற்காக அல்ல. தண்ணீரில் தவறி விழுந்தால் திரும்பி ஓரத்தைப் பிடிக்க வேண்டும், முடியாவிட்டால் மல்லாந்து மூச்சு விட வேண்டும். அவ்வளவுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த வகுப்பு நல்லது, எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை வாங்காமல் விடலாம் என்ற கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

1. வயதை முடிவு செய்யுங்கள்

முரண்பட்ட பதில்கள் வருவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி நீண்ட காலம் நான்கு வயதுக்குப் பிறகே வகுப்பு என்று சொல்லி வந்தது. 2010இல் அதைத் தளர்த்தியது. ஒரு வயதுக்கு மேல் பல குழந்தைகளுக்குப் பயிற்சி பலன் தரலாம் என்பது அதன் 2019ஆம் ஆண்டு அறிக்கையின் நிலை. ஒரு வயதுக்குக் கீழே வகுப்புக்குப் போவதால் மூழ்கும் ஆபத்து குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அது சொல்கிறது. கைக்குழந்தையோடு தண்ணீரில் விளையாடுவது இனிமையானதுதான், தாராளமாகச் செய்யலாம். அதைப் பாதுகாப்புப் பயிற்சி என்று யாராவது விற்றால் மட்டும் நம்ப வேண்டாம்.

2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 1 முதல் 4 வயதுக்குள் முறையான பயிற்சி பெற்றவர்களுக்கு மூழ்கும் ஆபத்து 88 சதவீதம் குறைந்திருந்தது. விளம்பரங்கள் இந்த எண்ணைப் பெரிதாகப் போடுவது வழக்கம். ஆய்வில் இருந்த குழந்தைகள் குறைவு என்பதால் 88 என்ற எண்ணையே இறுகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. பயிற்சி கெடுதல் செய்யவில்லை, உதவியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது வரை எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே, ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை பெற்றோரும் கூடவே தண்ணீரில் இறங்கும் வகுப்பு. அதற்குப் பிறகு, ஏறக்குறைய நான்கு வயதில், குழந்தை தனியாகப் பயிற்சியாளரிடம் கற்கும் வகுப்பு. சொன்ன சின்னச் சொல்லைக் கேட்டுச் செய்கிறதா, உங்களை விட்டு அரை மணி நேரம் இருக்கிறதா என்பதைப் பார்த்து இரண்டாவதுக்கு மாறுங்கள். பிறந்தநாளை மட்டும் பார்த்து மாற்ற வேண்டாம். அக்கம்பக்கத்துக் குழந்தை எந்த வயதில் தொடங்கியது என்பதும் உங்கள் குழந்தைக்குப் பொருந்தாது.

2. மருத்துவரைப் பாருங்கள், தாள்களைத் தயார் செய்யுங்கள்

வலிப்பு, இதயக் கோளாறு, ஆஸ்துமா, காதில் குழாய் வைத்த சிகிச்சை, ஆறாத தோல் புண் இவற்றில் ஏதாவது இருந்தால் சேர்க்கைக்கு முன் குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். இல்லாவிட்டாலும், வழக்கமான பரிசோதனைக்குப் போகும்போதே உடல் தகுதிச் சான்று ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள். முதல் நாள் வாசலில் வைத்துக் கேட்டு, இல்லை என்றதும் திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு.

பெரும்பாலும் கேட்பவை: பிறப்புச் சான்றின் நகல், தடுப்பூசி அட்டை, மருத்துவச் சான்று, புகைப்படம், அவசரத் தொடர்பு எண்கள், பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம். இந்தக் கடைசிப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து நிதானமாகப் படியுங்கள். விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, குழந்தையின் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவார்களா, கட்டணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதெல்லாம் அதில்தான் ஒளிந்திருக்கும். படத்துக்குச் சம்மதம் இல்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாமா என்று கேளுங்கள்.

தடுப்பூசி எல்லாம் முடியும்வரை குளத்தில் இறங்கக் கூடாது என்று பொதுவான தடை எதுவும் இல்லை. ஊசி போட்டுக் காய்ச்சல் அடிக்கும் நாளில் மட்டும் போக வேண்டாம்.

3. பணம் கட்டும் முன் குளத்தைப் போய்ப் பாருங்கள்

தண்ணீரின் வெப்பநிலைதான் முதல் கேள்வி. பெரியவர்கள் நீளமாக நீந்தும் குளங்கள் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சின்னக் குழந்தைக்கு அது குளிர். 30 டிகிரிக்கு மேல், முடிந்தால் 32 டிகிரியை ஒட்டி இருக்கும் குளத்தைத் தேடுங்கள். சிறிய உடம்பு வெகு சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். குளிரில் நடுங்கும் குழந்தை எதையும் கற்காது, தண்ணீர் என்றாலே வேண்டாம் என்று மட்டும்தான் கற்கும். வகுப்புக்கு வந்து விடாமல் அழும் குழந்தைகளில் பலருக்குப் பயத்தைவிடக் குளிர்தான் காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்தது சுத்தம். குளோரின் அளவையும், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் குறித்து வைக்கும் பலகையோ பதிவேடோ இருக்கிறதா என்று கேளுங்கள். குளோரின் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறையக் கூடாது, பிஎச் 7.0க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' அடித்தால் மருந்து நிறையப் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் பொருளின் வாடை அது. கண் எரிவதும் அதனால்தான். ஆழமான பக்கத்தின் தரையும் வடிகால் மூடியும் மேலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், அடியில் ஒரு குழந்தை கிடந்தாலும் தெரியாது. அப்படிப்பட்ட குளம் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் வேண்டாம். வடிகால் மூடி உடைந்தோ கழன்றோ இருந்தாலும் வேண்டாம், உறிஞ்சும் வேகத்தில் முடியோ கையோ சிக்கிக்கொள்ளும்.

மூழ்குபவரை மீட்கும் லைஃப்கார்டு தனியாக ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். பயிற்சியாளரே லைஃப்கார்டாகவும் இருந்தால், பாடம் நடத்தும் நேரத்தில் குளத்தைப் பார்க்க ஆளில்லை என்று பொருள்.

4. பயிற்சியாளரை ஒரு வகுப்பு முழுக்கக் கவனியுங்கள்

குழந்தை இல்லாமல் போய், ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அனுமதிக்க மறுக்கும் இடத்தை விட்டுவிடலாம். ஒரு குழந்தையோடு இருக்கும்போது மற்றக் குழந்தைகளுக்கு முதுகைக் காட்டுகிறாரா? முறைக்குக் காத்திருக்கும் குழந்தைகள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர் கை எட்டும் தூரத்திலா, கண்ணில் படாத மூலையிலா? பெற்றோர் இல்லாத வகுப்பில் ஒரு பயிற்சியாளருக்கு நான்கு குழந்தைகளுக்கு மேல் இருந்தால், அரை மணி நேரத்தில் உங்கள் குழந்தைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

பயிற்சிச் சான்றிதழோடு சிபிஆர் (மூச்சோ இதயத் துடிப்போ நின்றவருக்குச் செய்யும் முதலுதவி) சான்றிதழையும் கேளுங்கள். காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று தேதியைப் பாருங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல பயிற்சியாளர் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார்.

பிறகு இதைக் கேளுங்கள்: "தலையை எப்போது தண்ணீருக்குள் கொண்டுபோவீர்கள்?" குழந்தை தயாரானதும், தானே முகத்தை நனைக்கப் பழகியதும் என்று பதில் வந்தால் சரி. முதல் நாளே முக்கினால் பயம் போய்விடும் என்றால் அங்கே சேர்க்க வேண்டாம். முகத்தில் தண்ணீர் பட்டதும் மூச்சை அடக்கும் அனிச்சைச் செயல் பிறந்த சில மாதங்களில் வலுவாக இருந்து, பிறகு மங்கிவிடும். ஒரு வயதுக் குழந்தை அதை நம்பி இருக்க முடியாது, மூச்சை அடக்கக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வலுக்கட்டாயமாக முக்கினால் தண்ணீரைத்தான் குடிக்கும்.

5. கட்டணத்தைப் பிரித்துக் கேளுங்கள்

மாதக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பாதிச் செலவுதான் தெரியவரும். சேர்க்கைக் கட்டணம் தனியா, வருடத்துக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்க வேண்டுமா, கூட இறங்கும் பெற்றோருக்கு நுழைவுக் கட்டணம் உண்டா, அவர்கள் விற்கும் உடையையும் தொப்பியையும்தான் வாங்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இந்த வயதில் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் வகுப்பைத் தவறவிட்டால் ஈடு வகுப்பு கிடைக்குமா? சளியும் காய்ச்சலும் அடிக்கடி வரும் பருவம் இது. ஈடு வகுப்பு இல்லாத இடத்தில் குறைந்த கட்டணம் உண்மையில் குறைந்த கட்டணம் அல்ல. அதைவிட மோசம், பணம் வீணாகிறதே என்று மூக்கு ஒழுகும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக மனம் வந்துவிடும்.

ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டிப் பார்க்கும் வாய்ப்பைக் கேளுங்கள். ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடிக்காக மொத்தமாகக் கட்ட வேண்டாம். குழந்தைக்கு அந்தக் குளமும் அந்த முகமும் பிடிக்குமா என்பது சில வகுப்புகளுக்குப் பிறகுதான் தெரியும்.

நேரத்தைப் பொறுத்தவரை, தூங்கி எழுந்து, வயிறு நிறைந்தும் இல்லாமல் பசித்தும் இல்லாமல் இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். பகல் தூக்க நேரத்தில் விழும் வகுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பலிக்காது. வகுப்பு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்பது நல்ல அளவு. ஒன்றுதான் முடியும் என்றால், நடுவில் ஒருநாள் நீங்களே அழைத்துப்போய் விளையாட விடுங்கள். கோடையில் எல்லோரும் வருவார்கள், இடம் கிடைக்காது. சில மாதம் முன்பே பெயர் கொடுத்துவையுங்கள்.

6. வாங்க வேண்டியதும் வாங்கக் கூடாததும்

துவைத்துப் பயன்படுத்தும் நீச்சல் டயப்பர் இரண்டு, துண்டு, கையும் உடம்பும் மூடும் நீச்சல் உடை. உடையின் நிறத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு, அடர் இளஞ்சிவப்பு போன்றவை எட்டவிருந்தே தெரியும். திறந்தவெளிக் குளம் என்றால் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து வெளியே வந்த பிறகும் மறுபடி தடவுங்கள். நீச்சல் கண்ணாடிக்கு அவசரம் இல்லை. தவறி விழும் நாளில் கண்ணாடி இருக்காது, அதனால் கண்ணாடி இல்லாமலும் கண் திறக்கப் பழகட்டும்.

காற்றடைத்த கைமிதவைகளை வாங்காதீர்கள். அவை குழந்தையை நிமிர்ந்து நிற்கும் நிலையில் வைக்கும். மிதப்பதற்கு உடம்பு படுக்க வேண்டும். நின்றபடி தண்ணீரில் இருக்கப் பழகிய குழந்தைக்குப் பிறகு படுக்கக் கற்றுக்கொடுப்பது பெரும்பாடு. அதோடு, தன்னால் மிதக்க முடியும் என்று குழந்தை நம்பிவிடும். ஒருநாள் மிதவை இல்லாமலே குதிக்கும். கழுத்தில் மாட்டும் வளையம் இன்னும் ஆபத்து. கைக்குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது.

படகிலோ ஆறு, ஏரி, கடல் அருகிலோ போனால் லைஃப் ஜாக்கெட் வேறு விஷயம், அது கட்டாயம். குழந்தையின் எடைக்கு ஏற்றதாக, தரச்சான்று பெற்றதாக, கால்களுக்கு இடையே பட்டை உள்ளதாக வாங்குங்கள். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாய்க்கு மேல் ஏறிவிட்டால் அளவு பெரிது.

7. வகுப்புக்கு முன் குளியலறையில் தொடங்குங்கள்

குளிக்கும்போது "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லி, மூன்றுக்குப் பிறகு தலையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். எப்போதும் ஒரே சொல், ஒரே வேகம். சில நாளில் 'மூன்று' என்றதும் குழந்தை தானே வாயை மூடிக் கண்ணை இறுக்கும். மூச்சை அடக்கும் பாடத்தின் முதல் படி இதுதான், செலவே இல்லை. தண்ணீரில் வாய் வைத்துக் குமிழி ஊதப் பழக்குங்கள். நீங்கள் முதலில் ஊதிக் காட்டினால் போதும், சிரித்துக்கொண்டே செய்யும். பெரிய தொட்டி இருந்தால் உங்கள் கையில் மல்லாக்கப் படுக்கவைத்துக் காது நனையும்படி தாங்குங்கள். காதில் தண்ணீர் படுவது பிடிக்காததால்தான் பல குழந்தைகள் வகுப்பில் மல்லாந்து மிதக்க மறுக்கின்றன.

குழந்தை தண்ணீரில் இருக்கும்போது துண்டு எடுக்கக்கூட நகர வேண்டாம். மறந்துவிட்டீர்கள் என்றால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள். முடிந்ததும் தொட்டியையும் வாளியையும் காலி செய்துவிடுங்கள். சில சென்டிமீட்டர் தண்ணீரே ஒரு சின்னக் குழந்தைக்கு ஆபத்து.

8. கற்க வேண்டியவற்றின் வரிசை

முதலில் ஓரம். குழந்தையின் இரண்டு கைகளையும் குளத்தின் விளிம்பில் வைத்து, நீங்கள் பின்னால் இருந்து தாங்கி, பக்கவாட்டில் கை மாற்றி மாற்றி நகரச் செய்யுங்கள். அடுத்து, விளிம்பில் முழங்கையை ஊன்றி, வயிற்றைத் தூக்கி, முட்டியை மடக்கி மேலே ஏறுவது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இதற்கு நிறைய உதவி வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் இப்படியே வரட்டும், தூக்கி வெளியே வைக்காதீர்கள். தண்ணீர் என்றால் வெளியே வரும் வழியும் உண்டு என்பது உடம்பில் பதிய வேண்டும்.

இரண்டாவது மல்லாந்து மிதப்பது. குழந்தையின் தலையை உங்கள் தோளில் சாய்த்து, கன்னத்தோடு கன்னம் வைத்துத் தொடங்குங்கள். மெதுவான குரலில் பேசிக்கொண்டே இருங்கள். தாங்கும் கையைச் சில வகுப்புகள் கழித்து இடுப்பிலிருந்து முதுகுக்கும், அப்புறம் தலைக்கு அடியில் விரல் நுனிக்கும் குறைத்துக்கொண்டே வரலாம். இதற்கு மாதங்கள் ஆகும். எல்லாக் குழந்தையும் ஒருகட்டத்தில் எழுந்து உட்காரப் பார்க்கும். அப்போது அழுத்திப் பிடிக்காமல் எடுத்து அணைத்துக்கொண்டு, பிறகு மறுபடி தொடங்குங்கள்.

மூன்றாவது, விளிம்பில் உட்கார்ந்து நீங்கள் கூப்பிட்டதும் தண்ணீரில் இறங்கி, உங்கள் உதவியோடு திரும்பி, மறுபடி விளிம்பைப் பிடிப்பது. குழந்தை தவறி விழுவது பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான். ஆகவே திரும்பிப் பிடிக்கும் இந்த அசைவுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியதாகப் படுகிறது. உங்கள் வகுப்பில் இது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு விதி: பெரியவர் கூப்பிடாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஒருமுறைகூடச் சலுகை தராதீர்கள்.

காலை உதைப்பது, கையை வீசுவது எல்லாம் அதற்குப் பிறகு தானாக வந்து சேரும்.

9. அழுதால்

கொஞ்ச நேரம் அழுது, விளையாட்டு காட்டியதும் மறந்தால் கவலை வேண்டாம். வகுப்பு முழுக்க அழுதால் உதடு நீலமாக இருக்கிறதா, நடுங்குகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் உடனே வெளியே எடுத்துத் துடையுங்கள். குளிர் இல்லை என்றால், அடுத்த சில வகுப்புகளுக்குப் படியில் உட்கார்ந்து பொம்மையோடு விளையாட மட்டும் விடுங்கள். வீட்டில் குளத்தின் பேச்சை எடுத்தாலே அழுகிறது என்றால் சில வாரம் நிறுத்திவிட்டு வேறு பயிற்சியாளரைப் பாருங்கள். அழ அழ இறக்கினால் பழகிவிடும் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

10. போகக் கூடாத நாட்கள், வந்த பின் கவனிக்க வேண்டியவை

வயிற்றுப்போக்கு இருந்தால் கண்டிப்பாகப் போகக் கூடாது. நீச்சல் டயப்பர் மலத்தைக் கொஞ்ச நேரம்தான் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரின் சரியாக உள்ள குளத்திலும் 7 நாட்களுக்கு மேல் உயிரோடு இருக்கும். அந்தத் தொற்று என்று மருத்துவர் சொன்னால், வயிறு சரியான பிறகும் 2 வாரம் பொறுத்திருங்கள். டயப்பரைக் குளத்தின் ஓரத்தில் மாற்றாமல் கழிப்பறையில் மாற்றுங்கள்.

வகுப்பில் குழந்தை தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தால் பயிற்சியாளரிடம் சொல்லி நிறுத்துங்கள். அதிகம் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும். புரையேறிய பிறகு இருமல் நிற்காமல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். காதைத் துண்டின் நுனியால் வெளிப்புறம் மட்டும் ஒற்றித் துடைத்தால் போதும், உள்ளே எதையும் விடக் கூடாது.

11. வகுப்பு இருந்தாலும் காவல் குறையக் கூடாது

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. மூழ்கும் குழந்தை கத்தாது, கை ஆட்டிக் கூப்பிடாது. வாய் தண்ணீருக்கு மேலே வருவதே கஷ்டம் என்னும்போது குரல் எப்படி வரும்? அதனால் சத்தம் கேட்டால் ஓடலாம் என்று இருக்க முடியாது. தண்ணீர் அருகே கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருங்கள். நிறையப் பெரியவர்கள் கூடும் இடத்தில் ஆபத்து அதிகம், ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். 15 நிமிடத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள், அந்த 15 நிமிடமும் போன் பையில் இருக்கட்டும். வீட்டில் குளம் இருந்தால் நான்கு பக்கமும் குறைந்தது 1.2 மீட்டர் வேலியும், தானே மூடிப் பூட்டிக்கொள்ளும் கதவும் வேண்டும்.

குழந்தைக்கான சிபிஆர் பயிற்சியை நீங்களும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மற்றவர்களும் நேரில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். வகுப்புக் கட்டணத்தோடு இதையும் ஒரு செலவாக முதலிலேயே கணக்கில் சேருங்கள். மூழ்கியவருக்கு மூச்சுக் காற்றுதான் முதல் தேவை. அதனால் நெஞ்சை மட்டும் அழுத்தும் முறை போதாது, வாய்வழி மூச்சோடு சேர்த்துச் சொல்லித்தரும் வகுப்பாகத் தேர்ந்தெடுங்கள்.

12. எவ்வளவு நாள் ஆகும்

மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தனியாக நீந்த மாட்டார்கள். அது வகுப்பின் குறையும் அல்ல, குழந்தையின் குறையும் அல்ல. நான்கு வயதுக்கு மேல் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். தண்ணீரில் குதித்து மேலே வருவது, ஒரு நிமிடம் மிதப்பது, ஒரு முழுச் சுற்றுத் திரும்பி வெளியேறும் இடத்தைக் கண்டுபிடிப்பது, 25 கெஜம், அதாவது ஏறக்குறைய 23 மீட்டர் நீந்திப் போவது, ஏணி இல்லாமல் வெளியே ஏறுவது இந்த ஐந்தையும் தொடர்ச்சியாகச் செய்தால்தான் அடிப்படை நீச்சல் வந்தது என்று அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வரையறுக்கிறது. அதுவரை வகுப்பை விடாமல் தொடருங்கள்.

குளிர்காலத்திலோ நோயாலோ ஓரிரு மாதம் விட்டுப்போனால் சின்னக் குழந்தைகள் நிறைய மறந்துவிடும். திரும்பப் போகும் முதல் நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம், ஓரத்தைப் பிடித்து நகர்வதிலிருந்து தொடங்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.